14416-ம் புதன்கிழமை மனநலப் பிரிவும்: ஒரு தறிக்காரனின் மதிப்பீடு

எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறவன் நான். ஊர் சோமனூர் பக்கம். வயது 48. இரண்டு வருடத்துக்கும் மேலாக மனச்சோர்வு நோய்க்கு வைத்தியம் பார்த்து வருகிறேன். எங்கள் ஊரில் ஒரு மோட்டார் வாங்குவதென்றாலும் நான்கு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் வாங்குவோம். இந்த நோய்க்கு எங்கே போகலாம் என்று மட்டும் என்னால் யாரையும் விசாரிக்க முடியவில்லை. என் நிலையில் இப்போது யாராவது இருந்தால் அவருக்கும் முடியாது. அதனால் நான் பயன்படுத்தியவற்றைப் பற்றி எழுதுகிறேன்: அரசின் 14416 தொலைபேசிச் சேவை, எங்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ள ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, ஒரு மாத்திரைப் பெட்டி, ஒரு நோட்டு. மருத்துவமனையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே எனக்கு நல்லது செய்தவர்கள் மனம் நோகக் கூடாது.

எடை போட ஒரு படிக்கல் வேண்டுமல்லவா? என்னுடையது இதுதான். இந்த நோய் முற்றியிருக்கும்போது குளிப்பது ஒரு வேலையாக இருப்பதில்லை, பத்து வேலைகளாக இருக்கும். எழ வேண்டும், துண்டைத் தேட வேண்டும், கொல்லைக்கு நடக்க வேண்டும், தண்ணீர் மோந்து ஊற்ற வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்முன் வந்து நிற்கும். அப்படிப்பட்டவனிடம் ஒரு சேவை எத்தனை காரியங்களைச் செய்யச் சொல்கிறது என்று எண்ணிப் பார்த்தே மதிப்பெண் கொடுக்கிறேன். கட்டடமும் ஏசியும் எனக்குப் பொருட்டில்லை.

நோய் வந்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். 2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகளை நிறுத்தினோம். ஒரு மாதத்துக்கு மேல் ஊரே சத்தமில்லாமல் கிடந்தது. அந்தக் கடனும் கவலையும்தான் காரணம் என்று உறவுக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அது முழு விளக்கமாகத் தோன்றவில்லை. தறி மறுபடியும் ஓடியது. 2023-இல் விசைத்தறிகளுக்கான இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் என்பதிலிருந்து 1000 யூனிட் ஆனது. கடனில் பாதி அடைந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு மோசமானது. அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வரும், பிறகு தூக்கம் கிடையாது. இழை அறுந்து தறி நின்றால் எழுந்துபோய்ப் பிணைக்கத் தோன்றாது. முப்பது வருடமாக யோசிக்காமல் கை செய்த வேலை அது. அரிசியும்பருப்பு சாதத்தில் நெய் விட்டு வைத்தால் மூன்று முறை வாங்கிச் சாப்பிடுகிறவன் நான்; அது மண்ணைத் தின்பதுபோல் இருந்தது. நான்கு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தேன். போன் அடித்தால் நெஞ்சு அடைக்கும். நெய்வதற்குப் பாவு நூல் கொடுக்கும் முதலாளி அழைத்தாலும் எடுப்பதில்லை.

அம்மா கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினார். அதில் எனக்குக் குறையில்லை, அவர் கையில் இருந்த வைத்தியம் அது. ஆனால் "வேலையைப் பார், எல்லாம் சரியாகிவிடும்" என்றவர்களின் பேச்சு வேறு மாதிரி இறங்கியது. கொங்கு நாட்டில் ஒருவன் சும்மா உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. நானே அப்படித்தான் மற்றவர்களை எடை போட்டு வந்தவன். எனவே வேலை செய்ய முடியாமல் போனபோது, எனக்கு நோய் என்று நான் நினைக்கவில்லை. நான் கெட்டுப்போய்விட்டேன் என்று நினைத்தேன்.

முதலில் போனது ஒரு தனியார் கிளினிக். அங்கே உள்ளே இருந்தது ஐந்து நிமிடம் இருக்கும். ஏழு வகை மாத்திரை எழுதினார்கள். எது எதற்கு என்று சொல்லவில்லை. வெளியே மருந்துக் கவுன்டரில் இருந்தவர் சீட்டைப் பார்த்து, "இது மனநோய் மாத்திரை, இங்கே இருப்பு இல்லை" என்று உள்ளே இருந்த இன்னொருவரிடம் உரக்கச் சொன்னார். வரிசையில் எனக்குப் பின்னால் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நின்றிருந்தார். சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் பெண் பிள்ளை இருக்கிறாள். நாளை மாப்பிள்ளை பார்க்கும்போது இது பேச்சாகிவிடுமே என்ற பயம் ஐந்து மாதம் என்னை வீட்டுக்குள் பிடித்து வைத்தது. மருந்து கொடுப்பவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினால் போதும், அந்த ஐந்து மாதம் எனக்கு மிஞ்சியிருக்கும்.

இனி 14416. இது மத்திய அரசின் டெலி மானஸ் திட்டத்தின் எண். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதே எண்ணில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. இவையெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது மகளின் நோட்டு அட்டையில் எழுதியிருந்த ஐந்து இலக்கம் மட்டுமே. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சைப் பயம் வந்தால் கூப்பிடச் சொல்லிப் பள்ளியில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருந்தார்களாம்.

2023 தீபாவளிக்கு மறுநாள். விடுமுறையில் தறி நின்றிருந்தது. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது நின்றால்தான் தூக்கம் கலையும். மணி மூன்றேகால். குடோனுக்குள் போய் உட்கார்ந்து, மகளின் நோட்டைப் பார்த்து எண்ணை அழுத்தினேன். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது, தேர்ந்தெடுத்தேன். ஒரு பெண் குரல் வந்தது. என்னால் பேச முடியவில்லை. அவர் போனை வைக்கவில்லை. "மெதுவாகப் பேசுங்கள், நான் இருக்கிறேன்" என்றார். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்றார்.

நான் எதிர்பார்த்தது அறிவுரை. யோகா செய்யுங்கள், நல்லதை நினையுங்கள் என்பார்கள் என்று நினைத்தேன். அவர் கேட்டது ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை, பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்று. பிறகு சுற்றி வளைக்காமல், செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தச் சொல்லை அதுவரை நான் என் வாயால் சொன்னதில்லை. அவர் பதறவில்லை. எப்படியாவது அதற்கு ஏற்பாடு செய்திருக்கிறீர்களா என்று அதே குரலில் கேட்டார். இல்லை என்றேன். மனைவியை இப்போதே எழுப்ப முடியுமா என்றார். முடியாது என்று அழுதேன். அப்படியானால் விடியும்வரை குடோனில் தனியாக இருக்காமல் வீட்டுக்குள் போய்ப் படுங்கள், காலையில் மனைவியிடம் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் சொல்லுங்கள் என்று அந்த வாக்கியத்தையும் அவரே கொடுத்தார்: "எனக்கு மனசு சரியில்லை, டாக்டரிடம் போக வேண்டும், நீ கூட வர வேண்டும்." திரும்பச் சொல்லிப் பார்க்கச் சொன்னார். இரண்டு முறை சொன்னேன். எங்களுக்குப் பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தக் கிழமை உட்காருகிறார் என்பதையும் அவரே சொன்னார். காலை ஒன்பதரைக்கு, சொன்னேனா என்று கேட்டு, அங்கிருந்து அழைப்பு வந்தது.

சொல்லியிருந்தேன். மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் மனப்பாடம் செய்ததைச் சொல்வதுபோல் சொன்னேன். அவள் தீவனக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க, இதைச் சொல்ல இவ்வளவு நாளா?" என்றாள்.

என் படிக்கல்லில் வைத்தால் 14416 கேட்பது ஐந்து எண்ணை அழுத்துவது, மொழியைச் சொல்வது. அவ்வளவுதான். ஐந்துக்கு ஐந்து. ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். தொலைபேசிப் பேச்சு எனக்கு வைத்தியமாக இருக்கவில்லை, வைத்தியத்துக்குப் போகும் வாசலாக இருந்தது. தேவைப்படுகிறவர்களுக்கு அடுத்த கட்டமாக மனநல மருத்துவரிடமே இணைப்பார்கள். என்னை நேரில் போகச் சொன்னார்கள், போனேன்.

மருத்துவமனையைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. எங்களுக்குப் புதன்கிழமை. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என்று ஒரு குழு வருகிறது. பஸ்ஸில் மனைவிக்குக் கட்டணமில்லாப் பயணம், எனக்கு மட்டும் டிக்கெட். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பேர் மாதாமாதம் போக வேண்டுமென்றால் சின்ன விஷயம் அல்ல.

முதல் நாள் எட்டு மணிக்குப் போனோம். சீட்டு வாங்க ஒரு வரிசை, எடையும் ரத்த அழுத்தமும் பார்க்க இன்னொரு வரிசை. மனநலப் பிரிவு என்ற பலகை கீழே இருந்தது, அறை மாடிக்கு மாறியிருந்தது. பலகையை யாரும் மாற்றவில்லை. மாடியில் உட்கார நாற்காலி ஆறுதான். பார்க்க வந்தவர்கள் முப்பது பேருக்கு மேல். என் கணக்கில் மருத்துவரின் முன்னால் உட்காருவதற்குள் பதினொரு காரியம் செய்ய வேண்டியிருந்தது. தனியாக வந்திருந்தால் கீழே இருந்த பலகையோடு திரும்பியிருப்பேன். முடியாதவர்கள் வரும் இடத்துக்கு வழி சொல்ல ஒரு ஆள் வேண்டும், நாற்காலி வேண்டும், கதவைச் சாத்திவிட்டுப் பேச வேண்டும். முதல் ஆறு மாதம் கதவு திறந்தேதான் இருந்தது. மனைவி ஒரு நாள் எழுந்துபோய்ச் சாத்தினாள். அதன் பிறகு அவர்களே சாத்துகிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு அந்த இடத்துக்கு நான் நான்கு கொடுக்கிறேன். அதற்குக் காரணம் அந்த அறைக்குள் நடந்தது.

ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் ஆர்வமில்லாமல் இருந்தீர்கள், தூக்கம், பசி, களைப்பு, உங்களைப் பற்றியே கேவலமாகத் தோன்றியதா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. எனக்கு 19 வந்தது. 20-ஐத் தொட்டால் கடுமையானது என்று கணக்கு. என் சோம்பேறித்தனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, யாரோ முன்பே அச்சடித்து வைத்திருந்த தாளில் வரிவரியாக இருந்தது. எனக்கு முன்னால் இத்தனை பேருக்கு இது வந்திருக்கிறதா என்று அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதற்கு உண்மையைச் சொன்னால் போலீஸுக்குப் போகுமோ என்று பயந்து பேசாமல் இருந்தேன். உளவியலாளர் புரிந்துகொண்டு, எண்ணம் வருவதற்கு வழக்கு கிடையாது என்றார். முயன்றவர்களைக்கூடக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவர்களாகத்தான் கருத வேண்டும், வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115-ஆவது பிரிவு சொல்கிறது என்று விளக்கினார். அதன் பிறகே எண்ணைச் சொன்னேன்.

தைராய்டுக்கும் ரத்த சோகைக்கும் பரிசோதனை எடுத்தார்கள். அவற்றாலும் இப்படிச் சோர்வு வரலாமாம். எனக்கு இரண்டும் சரியாக இருந்தன. பிறகு எஸ்சிட்டலோபிராம் என்ற ஒரே மாத்திரை, முதலில் 5 மில்லிகிராம், பிறகு 10. 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்த அட்டை, காசு கிடையாது. மாத்திரை வீட்டில் மனைவி கையில் இருக்கட்டும் என்று மருத்துவர் எங்கள் இருவரிடமும் நேராகச் சொன்னார். அது எனக்கு அவமானமாகத் தோன்றவில்லை, பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

மாத்திரையைப் பற்றி யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். முதல் பத்து நாள் எனக்குக் குமட்டல், வாய் வறட்சி. பயன் எதுவும் தெரியாது. இது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டேன். சொல்லாமல் விட்டிருந்தால் ஐந்தாம் நாளே நிறுத்தியிருப்பேன். இருபத்திரண்டாம் நாள் காலையில் ஆறாம் தறியில் இழை அறுந்த சத்தம் கேட்டு, கூப்பிடாமலே எழுந்துபோய்ப் பிணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் நான் எழுந்துபோனதே உறைத்தது. மூன்றாம் மாதம், குணமாகிவிட்டது என்று நானாகவே நிறுத்தினேன். இரண்டே நாளில் தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் சுண்டியதுபோல் வெட்டு. மூன்று வாரத்தில் பழைய மூன்று மணி விழிப்பு திரும்பியது. நன்றாக ஆன பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் சாப்பிட வேண்டும், நிறுத்தும்போது மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். இன்னொன்று: தாம்பத்திய விருப்பம் குறைந்தது. வெட்கப்பட்டு நான்கு மாதம் மறைத்தேன். சொன்னபோது, இது இந்த மாத்திரைக்குத் தெரிந்த பக்கவிளைவுதான், முதல் மாதமே சொல்லியிருக்கலாமே என்று அளவை மாற்றிக் கொடுத்தார். என் வயது ஆண்கள் பலர் காரணம் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். சொல்லிவிடுங்கள்.

மாத்திரைப் பெட்டி ஏழு அறை கொண்ட பிளாஸ்டிக் பெட்டி, மருந்துக் கடையில் வாங்கியது. சாப்பிட்டேனா இல்லையா என்ற சந்தேகம் இந்த நோயில் தினமும் வரும், ஞாபகம் அப்படி மழுங்கும். மூடியில் கிழமைகள் ஆங்கில எழுத்தில் இருந்தன. மனைவி அவற்றின்மேல் ஞா, தி, செ என்று காகிதம் ஒட்டினாள். மூடி இப்போது தளர்ந்துவிட்டது. ஆனாலும் நல்ல பொருள்.

நோட்டுதான் எனக்கு மாத்திரைக்குச் சமமாக உதவியது. நாற்பது பக்க நோட்டு, உளவியலாளர் கோடு போட்டுக் கொடுத்தார். மனசு வந்தால் செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம், சின்னதாக ஒன்றைச் செய்துவிட்டு மனசு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள் என்றார். ஒரு பக்கம் செய்தது, மறுபக்கம் பத்துக்கு எத்தனை. முதல் வாரப் பக்கம் இன்னும் இருக்கிறது. "முகம் கழுவினேன் – 1." "வாசல் வரை போனேன் – 1." "மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன் – 3." அந்த மூன்றைப் பார்த்து அவர், சரி, தினமும் மாட்டுக்கு நீங்கள்தான் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பிறகு விடிந்ததும் நொய்யல் பக்கமாகப் பாதி தூரம் நடை. பிறகு டீக்கடை. டீக்கடைக்குப் போக ஏழு வாரம் பிடித்தது, அங்கே எல்லாரும் கேட்பார்கள் என்று பயம். ஒருவரும் கேட்கவில்லை. கடைக்காரர் சர்க்கரை குறைவாகப் போட்டு டம்ளரை முன்னால் வைத்தார். என் கணக்கு அவருக்கு மறக்கவில்லை. நோட்டில் 6 போட்டேன்.

நோயில்லாத நாட்களில் படித்தால் இந்த நோட்டு சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரியும். முகம் கழுவுவதே அன்றைய பொழுதின் பெரிய காரியமாக இருக்கும் நாட்களில் இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

போன மாதம் அந்த ஒன்பது கேள்வித் தாளில் எனக்கு 5 வந்தது. மாத்திரை 5 மில்லிகிராமுக்கு இறங்கியிருக்கிறது. இன்னமும் ஐப்பசி மழையில் வானம் மூடிக் கிடக்கும் நாட்களில் உடம்பு கனக்கும். அன்று தறி நான்கு மட்டும் ஓட்டுவேன், நோட்டை எடுத்துவிடுவேன்.

போகிறவர்களுக்கு: எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பழைய சீட்டு, ஆதார் அட்டை, சாப்பிட்டு வரும் மற்ற மாத்திரைகளின் அட்டை, குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், உள்ளே போனதும் மறந்துவிடும். புதன்கிழமைதானா என்று முதலில் உங்கள் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கிழமை வேறு. விசாரிக்க வாய் வரவில்லை என்றால் 14416-இல் கேளுங்கள், சொல்வார்கள். எங்கள் மருத்துவமனைக்குத்தான் வருகிறீர்கள் என்றால், கீழே இருக்கும் பலகையை நம்பாமல் மாடிக்கு ஏறி இடது பக்கம் திரும்புங்கள்.